தண்ணீர்க் கில்ட்டுக்குப் பட்டா, பருத்தியா?

துணியில் தண்ணீரைக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தவர்கள் முதலில் போய் நிற்பது அம்மாவின் பீரோ முன்னால்தான். மடிப்பில் விட்டுப்போய் உடுத்த முடியாத பட்டுப்புடவை ஒன்று கட்டாயம் இருக்கும். அது மயில்கழுத்து நிறமாகவும் இருந்துவிட்டால் பாதிக் குளம் தயார் என்றே தோன்றும். மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுவரில் மாட்டும் கில்ட்டாகத் தைக்க இறங்கியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தைத்தது பருத்தியில். அதனால் இந்த அலசல் பருத்திப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: மேல்துணி, நடுவில் பஞ்சு வேடிங், அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்தால் கில்ட். போர்த்திக்கொள்ளாமல் ஓவியம்போல மாட்டுவதற்கென்றே செய்தால் அது கலைக் கில்ட். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஏதென்ஸ் ஊரில், பழைய பால்பண்ணைக் கொட்டகை ஒன்றில் 1979இல் ‘கில்ட் நேஷனல்’ கண்காட்சி தொடங்கியது. இந்த வகைக்கென்று ஒரு மேடை அமைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் பட்டுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். பளபளப்பில் பருத்தி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதிலும் மயில்கழுத்து தனி ரகம். நெட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம் என்பதால் நாம் நகர நகர நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். ஒரே துணியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை நெட்டாகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள், இரண்டு வேறு துணி என்றே சொல்வீர்கள். ஒரு பிசிறு நூல்கூடக் கூடுதலாகச் சேர்க்காமல் அலையின் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் கிடைத்துவிடும். சாயம் போட்டு இதைக் கொண்டுவரவே முடியாது.

வெட்டினால் பட்டு பிசிறும், அடியில் ஃப்யூசிங் (இஸ்திரி சூட்டில் ஒட்டும் தாங்குதுணி) ஒட்டியாக வேண்டும், ஊசி போன ஓட்டை மறையாது, ஜரிகை கறுக்கும். இதெல்லாம் தையல் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்ததே. விலையையும் பேசப்போவதில்லை, பழைய புடவைக்கு ஏது விலை?

என்னைப் பருத்திக்குத் தள்ளியது வேறு ஒன்று. தைத்து முடித்த கில்ட்டை நனைக்க முடியுமா, முடியாதா என்பதுதான் அது.

தண்ணீர் என்றாலே நெருக்கமான தையல். வீடு, மரம், பூ என்றால் ஆங்காங்கே நாலு கோடு போதும். நீர்ப்பரப்புக்கு அரை விரல் இடைவெளியில் நெளி நெளியாக ஓட்டிக்கொண்டே போக வேண்டும். தையல் நெருங்க நெருங்கத் துணி உள்ளே இழுபடும். என் குளத்தில் கோபுர நிழல் விழுகிற இடத்தில் தையல் அடர்த்தி, படிக்கட்டில் குறைவு. தைத்து முடித்துத் தரையில் போட்டால் நடுப்பகுதி சுருங்கி, படிக்கட்டு விளிம்பு அப்பளம்போல வளைந்து நிற்கிறது. நெருக்கம் சீராக இல்லாத எந்தக் கில்ட்டிலும் இது வரும். தைப்பவரின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு மருந்து ஒன்றுதான். கில்ட் முழுவதையும் நனைத்து, நீரை ஒற்றி எடுத்து, தெர்மாகோல் பலகைமேல் விரித்து, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை இழுத்து இழுத்துக் குண்டூசி குத்த வேண்டும். மின்விசிறியடியில் அப்படியே காயவிட்டால் சட்டம் போட்டதுபோல நேராக வரும். முன்கூட்டியே அலசிச் சுருங்கவைத்த பருத்தி இதை முனகாமல் ஏற்றுக்கொள்ளும். பழைய பட்டை இப்படி நனைக்க எனக்குத் துணிவில்லை. சிவப்பு பார்டர் துண்டு ஒன்று உள்ளே இருந்தாலே போதும், சாயம் இறங்கிக் குளம் முழுக்கக் குங்குமம் கரைத்த மாதிரி ஆகிவிடும். சாயம் நின்றாலும் நீர்பட்ட இடம் கறையாகத் தெரியும். இஸ்திரி ஆவியில் சமாளிக்கலாம் என்பார்கள். கைக்குட்டை அளவுக்குச் சரி, ஆள் உயரக் கில்ட்டுக்குப் போதாது.

மாட்டிய பிறகும் இதே கதைதான். சென்னைத் தூசியும் ஈரக்காற்றும் வேடிங்வரை போகும். பருத்தி என்றால் எப்போதாவது தொட்டியில் முக்கி எடுத்து மறுபடி குண்டூசி குத்திவிடலாம். பட்டை மெல்லிய வலைமேல் வாக்யூம் வைத்துத் தூசி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெளிச்சமும் இருக்கிறது. இயற்கை இழைகளில் ஒளிக்கு முதலில் நொறுங்குவது பட்டுதான். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் வீட்டு சன்னலோரச் சுவரில் பகலில் அதைப்போலப் பல மடங்கு விழும். 1880களில் அமெரிக்காவில் மோகமாக இருந்த ‘கிரேஸி கில்ட்’களில் பட்டுத் துண்டுகள் கீறல் கீறலாகப் பிளந்து கிடப்பதைப் படங்களிலேயே பார்க்கலாம். அந்தப் பட்டில் எடை கூட்ட உலோக உப்பு ஏற்றியிருந்தார்கள், அதுவும் முக்கியக் காரணம். அதனால் காஞ்சிப் பட்டுக்கும் அதே கதிதான் என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் உள்ள பட்டுத் துண்டுகள் சுவரில் இருந்த காலமும் கொஞ்சம்தான். ஆனால் பீரோவின் இருட்டிலேயே மடிப்பு மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்ற வேண்டிய துணியை வெயில்படும் சுவரில் மாட்ட மனசு வரவில்லை.

சரி, பளபளப்பு இல்லாத பருத்தியில் நீர் எப்படித் தெரியும்? இரண்டு வழி. ஒன்று சாயத்திலேயே. 1956இல் சந்தைக்கு வந்த புரோசியன் வகைச் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துவிடும். சூடாக்க வேண்டாம், சோடா ஆஷ் என்ற காரப்பொடி போதும். வெள்ளைக் காடாத் துணியைச் சின்ன டப்பாவில் கசக்கித் திணித்து, சாயத்தைக் குறைந்த தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கசங்கலின் மேட்டில் ஒரு நீலம், பள்ளத்தில் ஒரு நீலம் என்று பிடிக்கும். பிரித்துப் பார்த்தால் குளத்தின் ஆழமும் மேடும் அதிலேயே இருக்கும். டர்க்காய்ஸ் மட்டும் மெதுவாகப் பிடிக்கும், ஒரு ராத்திரி விடுங்கள். பொடியைக் கரைக்கும்போது முகமூடி அவசியம். அவுரி நீலமும் அழகுதான், திண்டிவனம் பக்கத்திலேயே விளைகிறது. ஆனால் உரசினால் பக்கத்து வெள்ளையில் ஒட்டும், அதனால் படிக்கட்டுக்கு அருகே வைக்கமாட்டேன்.

இன்னொன்று தையலின் நிழல். வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி வெறும் ஓட்டுத் தையல்தான் போடுகிறார்கள். அதிலேயே துணி முழுக்கச் சிற்றலை எழும்பிவிடும். பருத்தியில் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகு அந்தச் சுருக்கம் இன்னும் எடுப்பாகும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு நெளிக்கும் ஒரு நிழல். நேருக்கு நேர் விளக்கு போட்டால் ஒன்றும் தெரியாது, இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கையால் ஓட்டுவதற்குப் பொறுமை இல்லாதவர்கள் மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையாலேயே வேண்டிய பக்கம் நகர்த்தும் ஃப்ரீ மோஷனில் ஓட்டலாம், பளபளப்பு வேண்டிய இடத்தில் எம்ப்ராய்டரி பாலியஸ்டர் நூல் போடலாம். அந்த நூல் நனைந்தால் ஒன்றும் ஆகாது.

கண்ணாடிச் சட்டத்துக்குள், வெயில்படாத சுவரில், ஒரு முழத்துக்குள் அடங்கும் படம் என்றால் தாராளமாகப் பட்டுக்கே போங்கள். பெரிய கில்ட்டிலும் மயில்கழுத்தை விட மனசில்லை என்றால் குளம் முழுவதையும் பருத்தியில் தைத்து, நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு, வெளிச்சம் தெறிக்கிற நாலைந்து இடத்தில் மட்டும் பட்டுத் துண்டுகளைக் கையால் மேலோட்டமாகத் தைத்துச் சேருங்கள். அலச வேண்டி வரும்போதோ அவை நைந்துபோகும்போதோ அந்த நூலை மட்டும் பிரித்து எடுத்துவிடலாம்.