மாடித் தோட்டத்தில் கொத்தமல்லியா, புதினாவா?

சந்தையில் இவ்விரண்டும் அருகருகே கிடைத்தாலும், தொட்டியில் வளர்க்கும்போது பருவங்களை எதிர்கொள்ளும் விதத்தில் பெரிதும் வேறுபடுகின்றன.

கொத்தமல்லி ஓராண்டுத் தாவரம்; குளிர்ச்சியை விரும்புவது. தமிழகச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழை தணிந்தபின், மார்கழியிலும் தையிலும் விதைத்தால் இலைகள் அடர்ந்து, சுமார் 40 நாட்களில் அறுவடைக்கு வரும். சித்திரையில் விதைத்தாலோ, வெப்பம் தாளாமல் செடி விரைவிலேயே தண்டை நீட்டிப் பூத்துவிடுகிறது. அதன்பின் வரும் இலைகள் நூல்போல் மெலிந்து, சமையலுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. நிழல்வலை இதைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர, முற்றிலும் தடுக்காது. விதைப்பிலும் கவனம் தேவை: நாம் தனியா என்று வாங்கும் உருண்டை, உண்மையில் இரு விதைகள் அடங்கிய காய் என்பதால், அதை மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைப்பது நல்லது. ஆணிவேர் கொண்ட இச்செடியைப் பிடுங்கி நடுவதைத் தவிர்த்து, வளரவேண்டிய தொட்டியிலேயே நேரடியாக விதைக்க வேண்டும்.

புதினாவுக்கு விதையே வேண்டியதில்லை. சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து முற்றிய தண்டுகளை ஊன்றினாலே வேர்பிடித்து, பல்லாண்டுத் தாவரமாகத் தொடரும். கோடையில் பிற்பகல் நிழலும் குறையாத ஈரமும் போதும்; மழைக்காலத்தில் நீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகும்.

ஒரு தொட்டிக்கே இடமுள்ளவர்களுக்கு நான் புதினாவையே பரிந்துரைப்பேன். கொத்தமல்லி தடையின்றிக் கிடைக்க, குளிர்மாதங்களில் இரு வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக விதைக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று அகலத் தொட்டிகளேனும் தேவைப்படும்.