கிராண்ட் கேஸில் ஒரே ஓர் இரவு: எந்த மேசையில் உட்காரலாம்?

கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் தீவுக்குச் சாப்பாட்டுக்காகவே போகலாம் என்பேன். மொத்தம் 87 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் தெற்குப் பகுதி டச்சுக்காரர்களுடையது, வடக்குப் பகுதி பிரான்சுடையது. 1648-ல் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் நிற்கிறது. எல்லையில் ஒரு சாவடிகூடக் கிடையாது. வண்டியில் போகும்போது பெயர்ப்பலகையின் மொழி மாறுவதைப் பார்த்துத்தான் நாடு மாறியது தெரியும். பிரெஞ்சுப் பக்கத்தில், தலைநகர் மரிகோவுக்குச் சற்று வடக்கே இருக்கும் கடலோர ஊர்தான் கிராண்ட் கேஸ். முன்னால் கடல், பின்னால் பழைய உப்பளக் குளம், நடுவே ஒடுக்கமான ஒரு தெரு. அந்தத் தெரு முழுக்க உணவகங்கள்.

2017 செப்டம்பர் 6 அன்று வீசிய இர்மா புயல் இந்தத் தெருவை அடித்து நொறுக்கியது. கூரை போனது, கடலைப் பார்த்த மேடைகள் போயின. பிறகு ஒவ்வொன்றாக அடுப்பு மூட்டினார்கள். இன்று அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ஓர் இரவுதான் இருக்கிறது என்றால் உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் இவை: கடலை ஒட்டிய பிரெஞ்சு உணவகம், அதே தெருவில் கரியடுப்புப் புகையோடு இருக்கும் லோலோ என்னும் எளிய கடை, படகேறிப் போய்ச் சாப்பிடும் பக்கத்துத் தீவான செயின்ட் பார்ட்ஸ், கொஞ்சம் தள்ளிப் போகத் தயார் என்றால் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவில் ஒரு கிரியோல் (பல இனங்கள் கலந்த தீவு மக்களின்) வீட்டுச் சமையல். என் தேர்வு முதலாவது. ஆனால் அங்கே எதைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தேர்வு சரியாகும்.

பிரெஞ்சு மேசையில் முதலில் பழக வேண்டியது நேரம். ஏழரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பத்தரை ஆகும். நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே ஒரு வாய் அளவுக்கு ஏதாவது வரும். அதற்குக் காசு கிடையாது, சமையல்காரரின் வணக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி வரும். பட்டியலில் 'ஆந்த்ரே' என்று இருப்பது முதல் தட்டு. அமெரிக்காவில் இதே சொல் முக்கிய உணவைக் குறிப்பதால் இங்கே நிறையப் பேர் குழம்பிப்போகிறார்கள். பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். கவனிக்கவில்லை என்று கோபப்பட வேண்டாம், சாப்பிடுகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பது அவர்கள் மரியாதை.

இனி முக்கியமான விஷயம். இந்தத் தீவில் பயிர்ச்செய்கை மிகக் குறைவு. வெண்ணெய், பாலாடைக்கட்டி, வாத்து, வாத்து ஈரல், காளான் எல்லாம் கடல் தாண்டித்தான் வருகின்றன. பட்டியலில் பாதி பாரிஸிலும் கிடைக்கும் பட்டியல்தான். அந்தப் பாதியை நான் தொடுவதே இல்லை. நன்றாகச் செய்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து, காலடியில் அலை அடிக்கும் மேசையில் உட்கார்ந்து, விமானத்தில் வந்த வாத்தை ஏன் சாப்பிட வேண்டும்? கடல் கொடுத்ததைப் பிரெஞ்சுக் கை எப்படிச் சமைக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பணம். விவனோ என்று அவர்கள் சொல்லும் செங்கண்ணி வகை மீன், லங்கூஸ்த் என்னும் சிங்கி இறால், இரண்டில் ஒன்று போதும்.

நான் சாப்பிட்டது விவனோ. தோல் மொறுமொறுப்பாக, சதையின் கண்ணாடி போன்ற நிறம் மறையும் நொடியில் அடுப்பிலிருந்து எடுத்தது. கீழே பெர் பிளாங் என்னும் வெண்ணெய்ச் சாறு. சின்ன வெங்காயம் போன்ற ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, வெள்ளை ஒயினும் வினிகரும் விட்டு, ஏறக்குறைய வற்றும்வரை காய்ச்சுவார்கள். பிறகு மெல்லிய சூட்டில் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதி வந்தால் திரிந்துவிடும், ஆறினால் கட்டியாகிவிடும். வெண்ணெய் தானாக உருகும் ஊரில், சமையலறைப் புழுக்கத்தில், இதை மேசை மேசையாகத் திரியாமல் அனுப்புகிறார்கள் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. அதில் அந்த ஊர் எலுமிச்சையின் புளிப்பு ஏறியிருந்தது. கூடவே சௌசௌ. நம் வீட்டுக் கூட்டுக்குப் போடும் அதே சௌசௌதான். அங்கே கிறிஸ்தோஃபின் என்கிறார்கள். உள்சதையைச் சுரண்டி வேகவைத்து, வெள்ளைச் சாறும் சீஸும் சேர்த்து, திரும்ப ஓட்டிலேயே நிரப்பி, மேலே பொன்னிறமாகச் சுட்டுத் தருகிறார்கள். சௌசௌவில் இவ்வளவு இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை.

விலை? முக்கியத் தட்டு ஒன்றே பெரும்பாலும் 30 யூரோவுக்கு மேல். சிங்கி இறாலை எடை போட்டு விற்பார்கள், ஆகவே சொல்வதற்கு முன் எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வழக்கப்படி பரிமாறுவதற்கான கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும்; பில்லில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, மனது நிறைந்தால் மேலே கொஞ்சம் வைக்கலாம்.

சரி, அடுத்தது லோலோ. கிரியோல் மொழியில் லோலோ என்றால் தெருமுனைச் சின்னக் கடை. இங்கே கடலோரம் கூரை போட்டு, நீள மேசையும் பெஞ்சும் வைத்து, கரியடுப்பில் சுட்டுத் தரும் கடைகளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பன்றி விலா, கோழி, மீன், நீளவாக்கில் பிளந்த சிங்கி இறால். பக்கத்தில் சோறும் பயறும் சேர்த்து வடித்தது, வறுத்த நேந்திர வகை வாழை, ஜானி கேக் என்னும் பொரித்த மாவு அப்பம். சங்குச் சதைக் குழம்பும் கிடைக்கும். அடித்து மென்மையாக்கி வெகுநேரம் வேகவைத்தால்தான் பல்லுக்கு இணங்கும் சதை அது, பொறுமை உள்ளவர் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். தட்டின் விலை பிரெஞ்சு மேசையில் பாதிகூட வராது. ரொக்கமாக டாலர் கொடுத்தால் பல கடைகளில் ஒரு டாலரை ஒரு யூரோவாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் பை இன்னும் கனமாகவே இருக்கும்.

சிங்கி இறாலைப் பொறுத்தவரை லோலோவுக்குத்தான் என் ஓட்டு. தீயில் ஓடு கருகி, அந்தப் புகை சதைக்குள் இறங்கி, மேலே பூண்டும் எலுமிச்சையும் விட்டால் அதற்கு மேல் அந்த இறாலுக்கு எதுவும் தேவைப்படாது. வெனிலாச் சாற்றில் போட்ட சிங்கி இறாலைப் பிரெஞ்சு மேசைகளில் பெருமையாகக் கொடுப்பார்கள். எனக்கு அது இறாலை மறைத்துவிடுகிறது. மீன் என்றால் நிலைமை தலைகீழ். லோலோவில் மீன் கொஞ்சம் கூடுதலாகவே சுட்டுப்போகிறது, காய்ந்துவிடுகிறது. அதனால் மதியம் லோலோவில் இறால், இரவு பிரெஞ்சு மேசையில் மீன் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் அதனதன் உச்சத்தில் கிடைக்கும். பசி மிச்சம் இருக்க வேண்டும் என்பதால் மதியம் ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள்.

செயின்ட் பார்ட்ஸ் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1784 முதல் 1878 வரை ஸ்வீடன் கையில் இருந்த தீவு. துறைமுகமான குஸ்தாவியாவுக்கு அந்த நாட்டு மன்னர் பெயர். அழகான ஊர், கைதேர்ந்த சமையல்காரர்கள். ஆனால் பெரும் பணக்காரர்களின் தீவு என்பதால் விலை இன்னொரு படி மேலே. அதே பிரெஞ்சுச் சமையலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதோடு படகு நேரத்தையும் பார்த்து எழுந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் நிம்மதியாக உட்காருவதுதான் இந்தச் சாப்பாட்டின் பாதி. அது போய்விட்டால் என்ன மிச்சம்?

குவாதலூப் வேறு கதை. கிராண்ட் கேஸிலேயே இருக்கும் குட்டி விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் போய்விடலாம். அடிமை முறை 1848-ல் ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தீவில் இறக்கியது; அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாக்கில் அதே கப்பல் குவாதலூப்புக்கு வந்தது. அடுத்த 35 ஆண்டுகளுக்குள் குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பகுதி தமிழர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் வாயிலிருந்து மொழி போய்விட்டது. குழம்பு போகவில்லை. அங்கே அதற்குப் பெயர் 'கொலொம்போ'. இலங்கையின் கொழும்பிலிருந்து வந்த பெயர் என்பார்கள் சிலர். 'குழம்பு' என்ற சொல்லே திரிந்தது என்பார்கள் சிலர். எனக்கு இரண்டாவதை நம்பத்தான் ஆசை.

மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு வறுத்து அரைத்த பொடி. சிலர் வறுத்த அரிசியையும் சேர்த்து அரைக்கிறார்கள். காரம் பொடியில் இல்லை, தீவின் உருண்டை மிளகாயை முழுதாகக் குழம்பில் மிதக்கவிட்டு உடையாமல் எடுத்துவிடுவார்கள். வாசம் மட்டும் இறங்கும். ஆட்டுக்கறிக் கொலொம்போ ஒரு கரண்டி சோற்றில் விழுந்தபோது முதல் வாய்க்குத் தெரிந்த வாசமாக இருந்தது, இரண்டாம் வாய்க்கு இது வேறு ஊர்க் குழம்பு என்று புரிந்தது: கறிவேப்பிலை இல்லை, பதிலாகத் தைம் என்னும் மூலிகை இலை. என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை.

பிரெஞ்சு மேசையோடு இதை எப்படித் தட்டில் வைத்து நிறுப்பது? சமையல் நுட்பம் என்று கேட்டால் அந்த வெண்ணெய்ச் சாறுதான் மேலே. மசாலா வாசம் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பவர்களுக்கும், பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கும், யோசிக்காமல் குவாதலூப் என்பேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் எங்கே போனாலும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பிரெஞ்சுச் சமையலறையில் காய்கறிச் சாற்றிலும் கோழி எலும்புச் சாறு இருக்கலாம், லோலோவில் பயறுச் சோற்றிலும் இறைச்சித் துண்டு கிடக்கலாம்.

அப்புறம், காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டம் அதிகம். சில நாள் முன்பே பதிவு செய்து, கடல் பக்க மேசை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் தெருப் பக்கம் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபரில் போகாதீர்கள். புயல் மாதங்கள் என்று பாதி உணவகங்கள் அடுப்பை அணைத்துவிட்டு விடுமுறைக்குப் போயிருக்கும்.