குழுக் கடனில் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

கறவை மாடு வாங்க எங்கள் குழுவுக்குக் கடன் கொடுத்த நுண்கடன் நிறுவனம் சொன்ன வட்டி 12 சதவீதம். எங்களிடம் வாங்கியது ஏறத்தாழ 33 சதவீதம். பெயரைப் போடவில்லை, இதே வேலையைச் செய்கிற நிறுவனங்கள் பல இருக்கின்றன.

எப்படி என்று சொல்கிறேன். வாராவாரம் கட்ட வேண்டும், 52 தவணை. பாதித் தவணை முடியும்போது அசலில் பாதி அவர்களிடம் திரும்பிப் போய்விடுகிறது. ஆனால் வட்டி மட்டும் கடைசி வாரம் வரை முழு அசலுக்கும் ஓடுகிறது. பிளாட் வட்டி என்பது இதுதான். பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் அந்த 12 சதவீதம் 22-ஐத் தாண்டிவிடும். அதோடு விட்டார்களா? பிராசஸிங் கட்டணம், காப்பீடு என்று நூற்றுக்கு ஐந்தை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். கையில் வந்தது 95, வட்டியும் தவணையும் நூறுக்கு. இப்போது கணக்குப் போட்டால் 33 வருகிறது. காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்டோம், கண்ணில் காட்டவே இல்லை.

அடுத்த வாரமே தவணை ஆரம்பம். சினை மாடு கன்று போட்டால்தானே பால்? அதுவரை கூலிக் காசில்தான் கட்டினோம். குழுவில் ஒருவர் வீட்டில் உடம்பு சரியில்லாமல் போய்த் தவணை நின்றது. அவர் பங்கையும் நாங்கள் போட்டுக் கட்டும்வரை யாரையும் எழுந்து போகவிடவில்லை. கூடப் பழகியவர்களையே ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிடும் அந்த முறையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்புறம் வசூலுக்கு வந்தவரே ஒரு வழி சொன்னார்: பெரிய கடன் ஒன்று எடுத்துப் பழையதை அடைத்துவிடுங்கள். அதிலும் முதலில் பிடித்தம் உண்டு!

கந்துவட்டியிலிருந்து ஏழைகளை மீட்க 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் தொடங்கிய நுண்கடன் முயற்சி நல்ல முயற்சிதான். அவருக்கும் அதிலிருந்து வளர்ந்த கிராமீன் வங்கிக்கும் 2006-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்தியா, மொராக்கோ, மெக்சிகோ உட்பட ஆறு நாடுகளில் நுண்கடனின் பலன் பற்றி நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தபோது, சிலரின் சிறுதொழில் கொஞ்சம் வளர்ந்தது தெரிந்தது. வறுமை பெரிதாகக் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆந்திராவில் வசூல் கெடுபிடி முற்றி, 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. எனவே "கடன் வாங்கினால் வறுமை தீரும்" என்று கூட்டம் போட்டுச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வருமானம் வரும் காலத்தோடு தவணை பொருந்தினால்தான் கடன் உதவும்.

பிளாட் வட்டியைச் சொன்னால், குறையும் நிலுவைக்கு ஆண்டு வட்டி எவ்வளவு, எல்லாப் பிடித்தமும் போகக் கையில் எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த விவரத்தாளை அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்பதும் அதே விதிகள்தான். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. அதே ஆட்கள் இப்போது பக்கத்து ஊரில் புதுக் குழு சேர்க்கிறார்கள்.