பழைய டவரில் புதுக் கம்பியா, புதைகேபிளா, மின்னழுத்தத்தை ஏற்றுவதா?

நகரம் வளர்ந்து, 110 கிலோவோல்ட் லைன்கள் உச்ச நேரத்தில் முழு லோடைத் தொட ஆரம்பித்ததும், திட்டப் பிரிவின் மேசைக்கு முதலில் வருவது கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்ற தாள்தான். அதில் புதைகேபிள் எப்போதும் தோற்கும். பழைய டவரில் கம்பி மாற்றுவது எப்போதும் ஜெயிக்கும். ஆனால் வழியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு இரண்டு: லைனை எத்தனை நாள் அணைத்து வைக்க முடியும், இரு முனைத் துணைமின் நிலையங்களிலும் எந்தச் சாதனம் முதலில் சூடேறும்.

முனையிலிருந்தே பார்ப்போம். சுமார் 80 கிலோமீட்டர் நீளம் வரை ஒரு லைனின் எல்லை சூடுதான். மின்னழுத்த வீழ்ச்சியும் மின்தொகுப்பின் நிலைத்தன்மையும் அதற்கு மேல்தான் தலைகாட்டும். நகர லைன்கள் அந்த நீளத்தில் கால்பங்குகூட இருக்காது. சூடு என்றதும் எல்லோரும் லைன் கம்பியான கண்டக்டரைப் பார்க்கிறார்கள். மின்னோட்டமோ துணைமின் நிலையத்துக்குள் பஸ்பார் (பொதுக் கடத்தி), ஐசோலேட்டர் (பிரிப்பான்), பிரேக்கர் (துண்டிப்பான்), சி.டி. (மின்னோட்டம் அளக்கும் மின்மாற்றி), வேவ் ட்ராப் (தகவல்தொடர்பு அலையைத் தடுக்கும் சுருள்), ஜம்பர் (இணைப்புக் கம்பி) எல்லாவற்றையும் வரிசையாகக் கடந்துதான் லைனுக்குள் போகிறது. கண்டக்டரை 1,200 ஆம்பியருக்கு உயர்த்திவிட்டு 800 ஆம்பியர் ஐசோலேட்டரை அப்படியே விட்டால் கிடைப்பது 800தான். லைனின் இம்பிடன்ஸை (மின்னெதிர்ப்பை) அளந்து பழுதைக் கண்டுபிடிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேயின் மூன்றாம் மண்டல (மிகத் தொலைவுவரை பார்க்கும்) செட்டிங்கையும் மறக்கக் கூடாது. லோடு ஏற ஏற ரிலே காணும் இம்பிடன்ஸ் இறங்கும், பழுதே இல்லாமல் லைன் ட்ரிப் ஆகும். சி.டி.யையும் ஜம்பரையும் மாற்றியதிலேயே தேவையான ஆம்பியர் கிடைத்துவிடுகிற லைன்களும் உண்டு. அவற்றுக்குக் கீழே சொல்லும் எதுவும் தேவையில்லை.

கம்பி மாற்றுவது

எஃகு உள்ளகத்தைச் சுற்றி அலுமினிய இழைகள் முறுக்கிய, வழக்கமான ஏ.சி.எஸ்.ஆர். கண்டக்டரை 75 முதல் 85 டிகிரி வரைதான் ஓட்டுவார்கள். அதற்கு மேல் போனால் கம்பி தாழும். இரு டவருக்கு நடுவே 300 மீட்டர் ஸ்பேனில் 75 டிகிரியில் 7 மீட்டர் தொய்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கம்பியை 150 டிகிரிக்கு ஏற்றினால் நீளம் அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் கூடும். தொய்வோ சுமார் இரண்டரை மீட்டர் கூடிவிடும். கீழே இருக்கும் சாலைக்கும் மாடி வீட்டுக்கும் விதிப்படி விட வேண்டிய இடைவெளி அங்கேயே போய்விடுகிறது. கார்பன் இழை உள்ளகம் கொண்ட கண்டக்டரில், இழுவை முழுவதும் உள்ளகத்துக்கு மாறிய பிறகு, அதே சூட்டு உயர்வுக்குத் தொய்வு ஒரு அடி அளவுதான் கூடும். எஃகு டிகிரிக்கு மில்லியனில் 11.5 பங்கு விரியும், கார்பன் உள்ளகம் ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல். வித்தியாசம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே அதே டவர், அதே பாதை, ஏறத்தாழ இரட்டிப்பு ஆம்பியர். விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத பகுதி மின் நட்டம், அதாவது கம்பியில் சூடாக வீணாவது. ஆம்பியர் இரட்டித்தால் நட்டம் நான்கு மடங்கு. 150 டிகிரியில் அலுமினியத்தின் மின்தடை 75 டிகிரியில் இருப்பதைவிடக் கால்பங்கு அதிகம் என்பதால் அது ஐந்து மடங்காகும். சரிவக வடிவ இழைகளால் அதே விட்டத்தில் கூடுதல் அலுமினியம் அடங்குவதால் இதில் ஓரளவு மீளும், முழுதும் மீளாது. மற்ற லைன் விழுந்தால் மட்டும் சில மணி நேரம் முழு ஆம்பியரில் ஓடப்போகும் லைனுக்கு இந்தக் கண்டக்டர் அருமையான தேர்வு. வருடம் முழுக்க அப்படி ஓட வைக்க நினைத்தால் கணக்கு உதைக்கும்.

வகைக்கு வகை தொந்தரவும் வேறு. கார்பன் உள்ளகம் கூர்மையாக வளைந்தால் உள்ளுக்குள் விரிசல் விடும். மேலே அலுமினியம் பளபளவென்றே இருக்கும், மாதங்கள் கழித்து கம்பி அறும். அதனால் கம்பியை இழுக்கும் உருளையின் விட்டத்தைத் தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே ஒரு அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது. பதப்படுத்திய மிருதுவான அலுமினியம் கொண்ட ஏ.சி.எஸ்.எஸ். கண்டக்டரில் இழைகள் பிரிந்து கூண்டு போலப் புடைக்கும். உள்ளகத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே சிறு இடைவெளி விட்ட கேப் கண்டக்டரில் எஃகு உள்ளகத்தை மட்டும் தனியாக இழுத்துக் கட்ட வேண்டும் என்பதால் கம்பியின் இழுவையைத் தாங்கும் ஒவ்வொரு டென்ஷன் டவரிலும் நேரம் பிடிக்கும். பழைய கிளாம்ப்பையும் ஸ்லீவையும் புதுக் கண்டக்டரோடு மறுபடி மாட்டுவது எந்த வகையிலும் கூடாது. முதலில் எரிவது ஜாயின்ட்தான்.

இனி அணைப்பு. இரட்டைச் சுற்று லைனில் ஒவ்வொரு சுற்றும் 60 சதவீதத்தில் ஓடுகிறது என்றால், ஒன்றை லைன் கிளியர் (வேலைக்காக அணைக்கும் அனுமதி) வாங்கி எடுத்ததும் மற்றது 120 சதவீதம். முடியாது. லோடு குறைந்த மாதங்களில், ஒரு டென்ஷன் டவரிலிருந்து அடுத்ததுவரை துண்டு துண்டாக, மாலை உச்சத்துக்கு முன் லைனைத் திருப்பிக் கொடுக்கும்படி வேலையை வெட்ட வேண்டும். அப்போது பழைய கம்பியும் புதுக் கம்பியும் ஒரே லைனில் கலந்திருக்கும்; தற்காலிக இணைப்புகள் தேவைப்படும். பக்கத்துச் சுற்று ஓடிக்கொண்டிருப்பதால் தூண்டு மின்னழுத்தமும் இருக்கும். இரு முனையிலும் எர்த் செய்தால் போதாது, வேலை நடக்கும் இடத்திலும் செய்தாக வேண்டும்.

புதைகேபிள்

இதன் பெரிய லாபம் யாரும் செலவுத் தாளில் எழுதாதது: பழைய லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் போட்டு முடிக்கலாம். கடைசியில் இணைக்க மட்டும் சில நாள் அணைப்பு போதும். கம்பி மாற்ற லைனை விடுவிக்கவே முடியாத நகரத்தில், விலை எத்தனை மடங்கானாலும் வழி இதுதான்.

எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன்) காப்பிட்ட கேபிளின் கடத்தி 90 டிகிரிவரை தொடர்ந்து ஓடலாம். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டியது மண். மண்ணின் வெப்பத்தடை 1.0 (கெல்வின்-மீட்டர்/வாட்) என்று வைத்து வடிவமைத்து, கோடையில் அது காய்ந்து 2.5 ஆனால் கேபிளின் திறனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போகும். கேபிளின் சூடே சுற்றியுள்ள ஈரத்தை விரட்டும் என்பதால் காய்வது தானாகவே வளரும். மண் சோதனையை மழைக்காலத்தில் செய்த அறிக்கையை ஏற்க வேண்டாம். குழியைத் தோண்டிய மண்ணாலேயே மூடுவதும் வேண்டாம். தரம்பிரித்த மணலோ மெலிந்த கான்கிரீட்டோ வேண்டும். ரயில்பாதைக்கோ கால்வாய்க்கோ அடியில் 8 மீட்டர் ஆழத்தில் துளைத்துப் போகும் துண்டுதான் பெரும்பாலும் மிகச் சூடான இடம். முழுக் கேபிளின் ஆம்பியரும் அந்த ஐம்பது மீட்டருக்குள் முடிவாகிறது.

கேபிள் ஒரு பெரிய கெப்பாசிட்டரும்கூட. 230 கிலோவோல்ட்டில் கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் கேபிள் சுமார் 33 மெகாவார் எதிர்வினைத் திறனைத் (வேலை செய்யாமல் மின்னழுத்தத்தை ஏற்றும் திறனை) தள்ளும். நள்ளிரவில் லோடு இல்லாதபோது அழுத்தம் ஏறும், அதை அடக்க ரியாக்டர் (பெரிய மின்சுருள்) கேட்கும். பலர் தவறவிடும் இன்னொன்று: கேபிளின் ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) வான்வழி லைனில் பாதிக்கும் குறைவு. பழைய லைனுக்கு இணையாகப் போட்டால் லோடில் பெரும்பங்கைக் கேபிளே இழுத்துக்கொள்ளும். புதுக் கேபிள் நிரம்பி வழியும், பக்கத்தில் லைன் சும்மா கிடக்கும். லோடு பகிர்வை ஓட்டிப் பார்க்காமல் இரண்டின் திறனையும் கூட்டிச் சொல்வது வெறும் கற்பனை.

பழுதைப் பொறுத்தவரை கேபிளுக்கு மன்னிப்பே கிடையாது. வான்வழி லைனில் மின்னல் அடித்தால் லைனைத் தானாகவே மறுபடி இணைக்கும் ஆட்டோ ரீக்ளோஸ் ஒரு நொடியில் திருப்பித் தரும். கேபிளில் அந்த வசதியைப் பூட்டி வைக்க வேண்டும். இடம் கண்டுபிடித்து, தோண்டி, ஜாயின்ட் போட நாட்கள் முதல் வாரங்கள் ஆகும். 1998 தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுபோன, எண்ணெயும் வாயுவும் நிரப்பிய பழைய வகை 110 கிலோவோல்ட் கேபிள்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நகர மையம் ஐந்து வாரம் திண்டாடியது. ஒன்று போனால் மற்றவை தாங்கும் என்று எழுதும்போது, முதல் கேபிளைப் பழுதுபார்க்கும் அத்தனை நாளும் மற்றவை அந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

காற்றை அளந்து லைனின் அன்றைய திறனைக் கணிக்கும் முறை இந்த இரண்டோடு போட்டியிடாது. நிலையான மதிப்பீடு நொடிக்கு 0.6 மீட்டர் காற்றை வைத்துப் போடப்படுவது. திறந்த வெளியில் உண்மைக் காற்று அதைவிட அதிகம் என்பதால் லாபம் வரும். கட்டிடங்களுக்கு நடுவே, காற்றே அசையாத ஏர்கண்டிஷனர் லோடு உச்சத்தில் இருக்கும் மாலையில் அந்த லாபத்தை நம்பி யாருக்கும் இணைப்பு கொடுக்க முடியாது. கம்பி மாற்றும்வரை ஓட்ட உதவும், அவ்வளவுதான்.

அழுத்தத்தை ஏற்றுவது

110 கிலோவோல்ட்டை 230 ஆக்கினால் அதே ஆம்பியரில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் மின்சாரம். அதே மின்சாரத்துக்கு நட்டம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே. காகிதத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இன்சுலேட்டர் சரம் ஏறக்குறைய இரட்டிப்பு நீளமாகும், கம்பி தாழும், டவரின் கை போதாது. 21 மில்லிமீட்டர் கண்டக்டர் ஒற்றையாக இருந்தால் 230இல் கொரோனா (கம்பியைச் சுற்றிய காற்றில் மின்கசிவு) இரைச்சல் வரும்; 28 மில்லிமீட்டர் அளவு வேண்டும். நடுவில் அந்த லைனில் தொங்கும் ஒவ்வொரு 110 துணைமின் நிலையத்துக்கும் புது மின்மாற்றி வேண்டும். பழைய நகர லைனில் இது அபூர்வமாகத்தான் ஒத்துவரும்.

நகரம் இன்னும் எட்டாத ஓரத்தில் புது லைன் போடும்போது கதை வேறு. டவர், பாதை அகலம், கண்டக்டர், இன்சுலேட்டர் எல்லாவற்றையும் 230க்குப் போட்டு, 110இல் சார்ஜ் செய்து ஓட்டலாம். பிற்பாடு வீடுகளுக்கு நடுவே அகலம் வாங்குவதோடு ஒப்பிட்டால் இன்றைய கூடுதல் செலவு சின்னது. ஒரே நிபந்தனை, இரு முனையிலும் 230 பே-க்கும் (லைன் வந்து இணையும் சாதன வரிசைக்கும்) மின்மாற்றிக்கும் இடத்தை இப்போதே வேலி போட்டு ஒதுக்கிவிட வேண்டும்.