ஆடிக் காற்றில் கிழிந்த கேம்பர் ஓனிங்: ஒட்டுவதா, தைப்பதா, மாற்றுவதா?

போன ஜூலையில் இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளைக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் நடுவில் ஒரு மேட்டில் எங்கள் கேம்பரை நிறுத்தியிருந்தோம். பழைய கோஸ்டர் பஸ்ஸை வீடாக மாற்றிய வண்டி அது. பக்கவாட்டில் மூன்றரை மீற்றர் நீளத்துக்கு ஒரு சுருள் ஓனிங், அதாவது விரித்தால் பந்தலாகும் துணிக் கூரை. சாயங்காலத் தேத்தண்ணிக்கு அதை விரித்தோம். கேத்தல் கொதிப்பதற்குள் கணவாய்ப் பக்கமிருந்து ஒரே வீச்சு. முன்கம்பி எழும்பிப் போய் வண்டிக் கூரையில் விழுந்தது. துணி சுவரோரமாக அரை மீற்றருக்கு மேல் கிழிந்தது, அதைத் தாங்கும் இரண்டு அலுமினியக் கைகளில் ஒன்று வளைந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

அதன் பிறகு பண்டாரவளை, நுவரெலியா, ஹட்டன் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர் ஒட்டச் சொன்னார், ஒருவர் தைக்கச் சொன்னார், ஒருவர் முழுசாகக் கழற்றி வீசச் சொன்னார். மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்தச் சேதத்துக்கு எது பொருந்தும் என்பதில்தான் குழப்பம். விலைகளை நான் எழுதப் போவதில்லை. டொலரோடு அவை ஏறி இறங்குகின்றன.

முதலில் காற்றின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழையைக் கொட்டுகிறது. வட்டவளை இலங்கையிலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்றாக இருப்பதற்கு அதுவே காரணம். மழையை அங்கே இறக்கிவிட்டு மலையைத் தாண்டும் காற்று, கிழக்கே ஊவாப் பக்கம் காய்ந்து, வேகம் பிடித்து இறங்குகிறது. எங்கள் ஓனிங் விரிந்தால் மூன்றரைக்கு இரண்டரை, அதாவது எட்டே முக்கால் சதுர மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று அதை நேராகத் தாக்கினால் சுமார் 60 கிலோ எடையால் தள்ளுவது மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்: 80 கிலோமீற்றரில் 240 கிலோ. அவ்வளவையும் தாங்குவது இரண்டு கைகளும், சுவரில் இறக்கிய சில போல்ட்டுகளும்.

பண்டாரவளையில் ஆட்டோவுக்கு ஹூட் தைக்கும் பாஸ் ஒருவரிடம் கிழிந்த துணியைக் காட்டினேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தம்பி, துணி கிழிஞ்சது நல்லதுக்குத்தான். இது கிழியலன்னா செவுரு பிஞ்சிருக்கும்." அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இந்த வேலையையே நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். துணிதான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டிய பாகம். கிழியவே கிழியாத கெட்டித் துணியைப் போட்டுவிட்டு, ஓனிங்கைச் சுவரோடு பிடிக்கும் துருப்பிடித்த பிராக்கெட்டை அப்படியே விட்டால் அடுத்த காற்றில் வண்டியின் தகரம் பிய்ந்து வரும்.

அதனால் கிழிசலைத் தொடுவதற்கு முன்னால் ஏணி போட்டு ஏறி பிராக்கெட்டுகளைப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றி சீலன்ட் வெடித்திருக்கிறதா, தகரம் வெளியே இழுத்த மாதிரி உப்பியிருக்கிறதா, உள்பக்கப் பலகையில் ஈரம் தெரிகிறதா? எங்கள் வண்டியில் நடு பிராக்கெட் வெறும் தகரத்தில் நின்றிருந்தது. பஸ் உடற்கூட்டின் சட்டக் குழாயைப் பிடிக்கவே இல்லை. அதைக் கழற்றி, சட்டத்தோடு சேர்த்து, உள்ளே ஒரு இரும்புத் தகடு கொடுத்து இறுக்கினோம். சுற்றிப் பூச பொலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். புளித்த காடி மணம் வரும் மலிவு சிலிக்கோனைத் தகரத்தில் பூசினால் அடியில் துரு பிடிக்கும்.

சரி, துணிக்கு வருவோம். ரிப்பேர் டேப்பைக் குறைவாக எடைபோட வேண்டாம். ஒரு சாணுக்குள் அடங்கும் கிழிசல், அதுவும் துணியின் நடுவில் என்றால், டேப்பே போதும். ஆனால் பிளாஸ்டிக் பூசிய வைனலுக்கு ஒட்டுவது வேறு, கன்வஸுக்கும் செயற்கை நூலில் நெய்த அக்ரிலிக்குக்கும் ஒட்டுவது வேறு. வைனலை மென்மையாக வைக்கும் எண்ணெய்ப்பொருள் மெல்லக் கசிந்து சாதாரணப் பசையை இளக்கிவிடும். வைனலுக்கென்றே வரும் டேப்தான் நிற்கும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். நுவரெலியாவில் காலைக் குளிரில் ஒட்டினால் பசை பிடிக்காது. மதிய வெயில் வரும் வரைக்கும் பொறுத்திருங்கள். எங்கள் கிழிசலோ சுவரோரம், முழு இழுவையும் விழும் இடம். அங்கே டேப் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

அடுத்தது ஹூட் கடை. நம் ஊரில் ஓனிங் தைக்கவென்று தனிக்கடை தேடுவதைவிட, ஆட்டோ ஹூட்டும் பஸ் சீட்டும் தைக்கும் கடைக்குப் போவதே மேல் என்பது என் அபிப்பிராயம். கனத்த ரெக்சினை நழுவாமல் இழுக்கும் மெஷின் அவர்களிடம் இருக்கிறது. ஓரத்தில் கயிறு வைத்து பைப்பிங் தைப்பது அவர்களுடைய அன்றாட வேலை. ஓனிங் துணியும் அதே மாதிரிக் கயிறு வைத்த ஓரத்தால்தான், அது சுருளும் உருளையின் அலுமினியப் பள்ளத்துக்குள் நுழைந்து நிற்கிறது.

ஆனால் ஹூட்டுக்குத் தேவைப்படாத சில விஷயங்கள் ஓனிங்குக்குத் தேவை. அவற்றை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். துணி நாலு மூலையும் துல்லியமான செங்கோணமாக வெட்டப்பட வேண்டும். தைத்து முடிந்ததும் தரையில் விரித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் ஒரு சென்ரிமீற்றர் நீண்டாலும் சுருட்டும்போது கோணிக்கொண்டு போகும். இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் தையல் சுவரிலிருந்து முன்கம்பி நோக்கி ஓட வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் தையலில் தேங்காமல் வழியும். நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும். நைலோன் நூல் மலை வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். தையலைப் பொடிப்பொடியாகப் போட்டால் வைனலில் தபால் முத்திரைத் தாள் மாதிரி துளைகள் வரிசை கட்டி, அங்கேயே கிழியும். அப்புறம் அந்தக் கயிறு. பழைய ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி மாதிரிக்குக் கொடுங்கள். மெல்லியதாக இருந்தால் காற்றில் பள்ளத்தைவிட்டு நழுவும், தடித்தால் உள்ளேயே நுழையாது.

எந்தத் துணி என்பது எந்தச் சரிவில் ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், தலவாக்கலை, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா என்று ஈரப் பக்கம் ஓடும் வண்டிக்கு நான் அக்ரிலிக் என்பேன். அது மூச்சுவிடும், மூடுபனியில் நனைந்ததைச் சுருட்ட நேர்ந்தாலும் மறுநாள் கொஞ்ச வெயிலில் காயும். வைனலோ ஈரத்தைச் சுருளுக்குள்ளேயே பூட்டிவைக்கும், இரண்டு நாளில் கரும்புள்ளி. குளிரில் விறைத்தும் போகும். ஆனால் அக்ரிலிக் தண்ணீரை உதறுமே தவிர முற்றாகத் தடுக்காது. குளம் கட்டினால் சொட்டும், உள்பக்கம் கை பட்டால் அந்த இடத்தில் கசியும். தண்ணீர் ஒழுகவே கூடாது, கீழே அடுப்பு வைப்போம், பிள்ளைகள் இருப்பார்கள் என்றால் வைனல். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அதைக் காயப்போட வெயிலும் கிடைக்கும். எதுவானாலும் முன்கம்பியைத் தாங்கும் கால்களில் ஒன்றை இறக்கிச் சரிவாகக் கட்டுங்கள். எங்கள் அளவுத் துணியில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால் 87 கிலோ.

வெளிநாட்டிலிருந்து அசல் துணியை வரவழைப்பது மூன்றாவது வழி. பியாமா, தூலே போன்ற ஓனிங் கொம்பனிகள் ஒவ்வொரு மொடலுக்கும் மாற்றுத் துணி விற்கின்றன. ஓரக்கயிறு சரியாகவே வரும், செங்கோணம் பிசகாது. காத்திருப்பும் சுங்க வரியும்தான் சிக்கல். ஓர்டர் போடுமுன் ஒன்றைக் கவனியுங்கள்: பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் துணியின் நீளம் அல்ல. துணி அதைவிடக் குட்டை. உருளையில் அளந்து, உள்ளே ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். சீசன் முடிந்து வண்டி ஓய்வாக நிற்கும் காலமென்றால் இது நல்ல வழி. வாடகைக்கு விடும் வண்டியென்றால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது.

முழு ஓனிங்கையும் மாற்றுவதை எனக்கு யார் சொன்னாலும் இப்போது ஏற்கமாட்டேன், உருளையே வளைந்திருந்தால் ஒழிய. மூன்றரை மீற்றர்ப் பெட்டி சாதாரணப் பார்சலில் வராது. வேறு கொம்பனியின் பிராக்கெட் பழைய துளைகளில் உட்காராது. புதுத் துளைகள் என்றால் மழை நுழையப் புது வழிகள். உருளை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துப் பிடித்தால் போதும்.

வளைந்த கையைப் பற்றித்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பட்டறையில் நிமிர்த்தித் தருவார்கள், ஆர்கன் வெல்டிங்கும் போட்டுத் தருவார்கள். பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் பதப்படுத்திய அலுமினியம் சூடு பட்ட இடத்தில் பலத்தை இழக்கும், வளைத்து நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும். கையை மட்டும் தனியாக வாங்க முடியும், பெட்டியும் சிறியது. காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். கழற்றும்போது ஓனிங்கின் இரண்டு கைகளையும் மடக்கிக் கயிற்றால் கட்டிய பிறகே போல்ட்டில் கை வையுங்கள். முட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தைப் பெயர்த்துவிடும்.

கை வந்து சேரும் வரைக்கும் நாங்கள் வெறும் தார்ப்பாயில்தான் ஓட்டினோம். ஒரு ஓரத்தில் ஹூட் பாஸிடமே பைப்பிங் கயிறு வைத்துத் தைத்து, சுவரில் திருகிய அலுமினியப் பட்டைக்குள் செருகி, இரண்டு தடியும் நாலு கயிறும். அழகில்லை. ஆனால் காற்று எழும்பினால் ஒரே ஆள் இரண்டு நிமிடத்தில் உருவிவிடலாம், உடைய எதுவும் இல்லை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரைக்கும் ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் அடிக்கடி தங்குகிறவர்களுக்கு இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கடைசியில் எங்கள் வண்டியில் நின்றது இப்படி: பிராக்கெட் சட்டத்துக்கு மாறியது, கை புதுசு, துணி பண்டாரவளை பாஸ் தைத்த வைனல். உருளைக்குள் துணியை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மனைவி கயிற்று ஓரத்தைப் பள்ளத்தின் வாயில் நேராகப் பிடித்துக்கொடுக்க, நான் மறுமுனையிலிருந்து இழுத்தேன். பள்ளத்தில் கொஞ்சம் சிலிக்கோன் ஸ்பிரே அடித்ததும் சிக்காமல் போனது. முதல் தடவை சுருட்டியபோது வலது ஓரம் அரை விரல் கோணியது. மறுபடி அவிழ்த்து, துணியை இடப்பக்கம் நகர்த்தி, திரும்பச் சுருட்டினோம்.