படித்துப் பார்த்து அச்சிடும் அச்சகம்

"போதகருக்கு அரசியல் எதற்கு?" என்று சபையில் அடிக்கடி கேட்பார்கள். அதற்காகவே வாலிபர் கூட்டத்துக்கு, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங் பற்றி 32 பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். நாகர்கோவில் வேப்பமூடு பக்கம் சந்துக்குள் இருக்கும் சின்ன அச்சகத்தில் கொடுத்தேன். 200 பிரதி, 70 ஜிஎஸ்எம் தாள், நடுவில் பின். ஒன்று 28 ரூபாய். இந்த விலைக்கு வேறு இடத்திலும் அடித்துத் தருவார்கள். ஆனால் இங்கே கணினியில் இருக்கும் தங்கச்சி, அடிப்பதைப் படிக்கிறாள்.

முதல் புரூஃப் வந்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அட்டையில் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் படம்! எழுத்துரு மாற்றியதில் 'ஜ' வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. சொன்னதும் மறுபேச்சு இல்லை, அன்றைக்கே சரிசெய்தார்கள், கூடுதல் காசும் வாங்கவில்லை.

மறுநாள் அவளே போன் செய்தாள். "அண்ணே, மெம்பிஸ்ல சுட்டது முன்பக்கம் ஏப்ரல் 4ன்னு இருக்கு, பின்னாடி 14ன்னு இருக்கே?" 4தான் சரி, 1968. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணையாகப் போன இடத்தில், 39 வயதில் கொல்லப்பட்டார். என் பிழையை நான் மூன்று தடவை படித்தும் பார்க்கவில்லை.

அப்புறம் அவள் கேட்டதுதான் எனக்கு மறக்காது. "இவரு நெசமாட்டு நம்ம குமரிக்கு வந்தாரா?" வந்தார். 1959 பிப்ரவரியில், மனைவி கொரெட்டாவோடு. கடலோரப் பாறையில் உட்கார்ந்து, மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா ஏறுவதையும் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறார். விவேகானந்தர் மண்டபம் அப்போது இல்லை, அது 1970இல்தான் வந்தது. அதே பயணத்தில் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்தவர், பிறகு ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். இங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் தோள்சீலை உரிமைக்கு 1859இல் உத்தரவு வந்து அப்போது ஏறத்தாழ நூறு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பத்தியை அவள் பெரிய எழுத்தில் போடலாமா என்று கேட்டாள். போட்டோம்.

பேருந்தில் கறுப்பர்களைத் தனியே உட்காரவைத்ததை எதிர்த்து மான்ட்கோமரி நகரில் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பை நடத்தியது, போராட்டத்துக்கு இது நேரமில்லை என்ற எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து பதில் எழுதியது எல்லாம் தனித்தனிப் பக்கமாக, தலைப்போடு, நிம்மதியாகப் படிக்கும்படி வந்திருக்கிறது.

குறை என்றால், ஒரு நாள் தாமதம். ஓரம் வெட்டியதில் சில பிரதிகளில் பக்க எண் பாதி போய்விட்டது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் சபை வேலைகள் குவிந்துவிடும், இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். சந்துக்குள் கார் நுழையாது.

இன்னும் 100 பிரதிக்கு அங்கேயே சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பக்க எண்ணை அரை அங்குலம் மேலே ஏற்றி வைக்கிறாளாம்.