முக்திநாத் பதினொரு நாள் பேக்கேஜ்: காசும் காற்றும்

நேபாளத்து முக்திநாத் யாத்திரைக்கு ஐந்துக்கு மூன்று ஸ்டார். அதில் ஒன்றரை ஜோம்சோம் லாட்ஜ்காரம்மாவுக்கு, ஒன்று எங்கள் சமையல் மாஸ்டருக்கு, மிச்சம் அரைதான் கம்பெனிக்கு. கம்பெனி பெயரைப் போடவில்லை. இதே மாதிரி நோட்டீஸ் நம் ஊரில் நிறைய சுற்றுகிறது, உங்கள் கையில் இருப்பது எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் கீழே சொல்வதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனது நான், அம்மா, சித்தி. அக்டோபர் மாதம். மொத்தம் இருபத்திரண்டு பேர், முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கோரக்பூர் வரை ரயில், சொனௌலியில் எல்லை தாண்டி பஸ்ஸில் போக்ரா, அங்கிருந்து குட்டி விமானத்தில் ஜோம்சோம், அன்றைக்கே ஜீப்பில் முக்திநாத் தரிசனம், மறுநாள் காலை விமானத்திலேயே திரும்புதல். ஆளுக்கு 42,000. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என்று முக்திநாத்தைச் சொல்வார்கள், நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. அம்மா பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் நான் நோட்டீஸைச் சரியாகப் படிக்காமலே பணம் கட்டிவிட்டேன், அது என் தப்பு.

நோட்டீஸில் நாலாம் நாள் என்று போட்டு "காலை 6 மணி விமானம், பகல் தரிசனம், இரவு ஜோம்சோமில் தங்கல்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். படிக்கிறவருக்கு மதுரையிலிருந்து அழகர்கோவில் போய்வருவது போலத்தான் தோன்றும்.

நாலாம் நாள் விடிகாலை நாலரைக்கெல்லாம் எல்லாரையும் எழுப்பி ஏர்போர்ட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். (நேபாளக் கடிகாரம் நம்மைவிடக் கால் மணி நேரம் முந்தி ஓடும், சித்தியின் போன் மாறவே இல்லை, கடைசி நாள் வரை அவர் இந்திய நேரத்திலேயே இருந்தார்.) போக்ராவின் மேல் மேகம் கவிழ்ந்து கிடந்தது. ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது. மேகம் கலைந்து மச்சபுச்சரே சிகரம் பளிச்சென்று தெரிந்தபோது மணி பத்தரை. எல்லாரும் கைதட்டி எழுந்தால், விமானம் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். வெயில் அடிக்கிறது, மேகம் இல்லை, எதற்கு ரத்து? ஒரு மாமா எங்களோடு வந்த கம்பெனி மேனேஜர் பையனிடம் சண்டைக்கே போய்விட்டார். "மாமா, இங்க வெயில் அடிச்சா அங்க காத்து அடிக்கும் மாமா" என்றான் அந்தப் பையன். அவன் சொன்னது மழுப்பல் மாதிரி இருந்தாலும் முழு உண்மை.

விஷயம் இதுதான். ஜோம்சோம் இருப்பது காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கில். ஒரு பக்கம் தவளகிரி, 8,167 மீட்டர். இன்னொரு பக்கம் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஆறு அறுத்துக்கொண்டு போன இடுக்கு. இமயமலை எழும்புவதற்கு முன்பே இந்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது என்கிறார்கள், மலை உயர உயர ஆறு அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. இந்த இடுக்குக்கு வடக்கே முஸ்தாங்கின் மொட்டை மேட்டுநிலம், அதைத் தாண்டினால் திபெத். வெயில் ஏறியதும் அந்த மேட்டுநிலம் சூடாகி அங்குள்ள காற்று மேலே கிளம்பும், அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று இந்த ஒரே சந்து வழியாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். காலையில் சத்தமே இருக்காது, பத்து பதினொன்றுக்கு ஆரம்பிக்கும், மதியத்துக்கு மேல் ஆளையே தள்ளும். அதனால்தான் ஜோம்சோம் விமானம் எல்லாமே காலையில் மட்டும். காலை நேரத்தை மேகம் தின்றுவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. இது என்றைக்கோ நடக்கிற விபத்து இல்லை, அந்த ஊரின் அன்றாடம். இந்த வியாபாரத்திலேயே இருக்கிற கம்பெனிக்கு இது தெரியாது என்றால் நம்ப முடியுமா? தெரிந்தும் கையிருப்பாக ஒரு நாள்கூட வைக்காமல் அட்டவணை போடுகிறார்கள், ஒரு நாள் கூடினால் நோட்டீஸில் விலை கூடிவிடும் என்று. என் முதல் புகார் இதுதான், பெரிய புகாரும் இதுதான்.

மறுநாள் காலை மூன்று ஜீப் பிடித்துக் கிளப்பினார்கள். அதற்கு ஆளுக்கு ஐயாயிரம் தனியாக வாங்கிக்கொண்டார்கள், விமானக் காசைப் பிறகு "அட்ஜஸ்ட்" செய்வதாகப் பேச்சு. சரி, போகட்டும்.

ஆனால் அந்தப் பத்து மணி நேர ரோடு இருக்கிறதே, முதுகு போனாலும் நான் அதை வரம் என்றுதான் சொல்வேன். பேனி தாண்டி தாதோபானி வரை வாழை, நெல் வயல், ஈரம், அச்சு அசலாகக் கேரளா. தாதோபானி என்றால் வெந்நீர், ஊரில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அப்புறம் ரோட்டோரத்திலேயே ருப்சே அருவி கொட்டுகிறது. காசா என்ற ஊரைத் தாண்டினால் பைன் மரம். அதற்கும் மேலே போகப்போகப் பச்சை மெலிந்து, துக்குச்சே வரும்போது புழுதியும் பழுப்பு மலையும்தான். காரணம், தெற்கிலிருந்து வருகிற மழைமேகத்தை அன்னபூர்ணா அப்படியே தடுத்து நிறுத்திவிடுகிறது. போக்ரா பக்கத்தில் லும்லே என்ற ஊரில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நேபாளத்திலேயே அதிகம். மலைக்கு அந்தப் பக்கம் ஜோம்சோமில் 300-ஐத் தொட்டாலே பெரிது. இதை வீட்டுக் கூரையிலேயே பார்க்கலாம். கீழே எல்லாம் சரிவான கூரை, மேலே மார்ஃபாவில் எல்லாம் தட்டையான மண் மாடி, விளிம்பு முழுக்க விறகை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழையே இல்லாத ஊரில் கூரைக்குச் சரிவு எதற்கு? விமானத்தில் போனால் இருபது நிமிடம், இதில் எதுவும் கண்ணில் படாது.

இப்போது சமையல். தமிழ்நாட்டு யாத்திரை நோட்டீஸில் சாமி படத்துக்கு அடுத்த பெரிய எழுத்து "தென்னிந்திய உணவு" என்பதுதான். எங்களோடும் மாஸ்டர் ஒருத்தர், அண்டா குண்டான், துவரம்பருப்பு மூட்டை எல்லாம் வந்தன. குட்டி விமானத்தில் குண்டான் ஏறாது என்பதால் அவரை மட்டும் முந்தின நாளே ஜீப்பில் அனுப்பிவிட்டார்கள். ஆக நாங்கள் போக்ராவில் பசியோடு ஹோட்டல் தேடிக்கொண்டிருந்த ராத்திரி அவர் ஜோம்சோமில் இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். மறுநாள் சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மனிதர் அழாத குறை. குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு ஒன்றரை மணி நேரமாக வேகவில்லை. கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கிக் காட்டினார், நடுவில் கல்லு மாதிரி. "பருப்பு பழசுன்னு நெனச்சேன் தம்பி, அரிசியும் இப்படியே நிக்குது." அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. ஜோம்சோம் 2,700 மீட்டருக்கு மேலே. தொட்டபெட்டா உச்சியே 2,637தான், அதாவது தமிழ்நாட்டில் எந்த மலை உச்சிக்குப் போயிருந்தாலும் இந்த உயரத்தை அவர் தொட்டிருக்க முடியாது.

காப்பாற்றியது லாட்ஜ்காரம்மா. எல்லாரும் தீதி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே. குண்டானைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய் இரண்டு பெரிய பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து வைத்தார். சாம்பார் ஆனது. ஆனால் அதற்குள் நான் தீதியிடமே தட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன், இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான்.

தீதி தகாலி இனம். பழைய காலத்தில் திபெத்து உப்பு இந்த இடுக்கு வழியாகத்தான் தெற்கே இறங்கும், கீழேயிருந்து தானியம் மேலே ஏறும், நடுவில் உட்கார்ந்து அந்த வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் தகாலிகள். வழிப்போக்கருக்குச் சோறு போட்டு இடம் கொடுப்பதும் அதோடு சேர்ந்த தொழில். திபெத்து எல்லை இறுகி உப்பு வியாபாரம் படுத்தபிறகு அந்தச் சோறு போடும் கை மட்டும் நின்று, மலையேற வந்த வெள்ளைக்காரர்களுக்கும் இப்போது நம் மாமிகளுக்கும் பரிமாறுகிறது. நேபாளத்தில் எந்த ஊருக்குப் போனாலும் தகாலி சாப்பாட்டுக்கடை போர்டு தென்படும். வெண்கலத் தட்டில் சோறு, கறுப்பு உளுந்துப் பருப்பு, கடுகுக்கீரை, கீரையைப் புளிக்கவைத்துக் காயப்போட்ட குந்துருக், நெய், திமூர் போட்ட ஊறுகாய். திமூர் மிளகு மாதிரி இருக்கும், கடித்தால் நாக்கு மரத்துப்போய் எலுமிச்சை வாசனை வரும். பருப்பைத் தாளித்தது ஜிம்பு என்ற காய்ந்த மலைப்புல்லில். அது வெங்காயக் குடும்பம் என்பதை, பக்கத்தில் உட்கார்ந்து "என்ன வாசனையா இருக்கு!" என்று இரண்டாம் தடவை வாங்கிய மாமியிடம் நான் சொல்லவில்லை. ஃபாபர் (பக்வீட்) மாவில் களி ஒன்று கிண்டினார், நம் கேழ்வரகுக் களிக்கு ஒன்றுவிட்ட தங்கை. சோறும் பருப்பும் எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள்.

முக்திநாத் அடுத்த நாள் விடிகாலை. ராணிபௌவா வரை ஜீப், அங்கிருந்து ஏற்றம். நடக்கலாம், குதிரையும் கிடைக்கிறது. கோயில் 3,700 மீட்டர். சித்திக்கு ராணிபௌவாவிலேயே தலைவலி, வாந்தி. நோட்டீஸில் போட்டபடி போக்ராவின் 800 மீட்டரிலிருந்து ஒரே பகலில் அங்கே தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. விமானம் ரத்தானதால் ஜோம்சோமில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தோம், உடம்பு கொஞ்சமாவது பழகியது. மேனேஜரிடம் ஆக்சிஜன் கேன் ஒன்றுதான் இருந்தது, இருபத்திரண்டு பேருக்கு. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், சித்தியைக் கைத்தாங்கலாக ஜீப்புக்கு இறக்கி, தரிசனம் முடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தான்.

கோயில் சின்னது, பகோடா மாதிரி. பின்னால் அரைவட்டச் சுவரில் நூற்றெட்டு மாட்டுத்தலைத் தூம்பு, ஒவ்வொன்றிலும் பனி உருகிய தண்ணீர். அம்மா நூற்றெட்டின் கீழும் ஓடினார், கடைசியில் பல் கிடுகிடுக்க "எழுபத்திமூணுக்கு அப்புறம் எண்ணல" என்றார். நமக்குப் பெருமாள், பௌத்தர்களுக்கு அவரே அவலோகிதேஸ்வரர், கோயிலைப் பார்த்துக்கொள்வதில் பௌத்த பிக்குணிகளுக்கும் பங்கு உண்டு. கொஞ்ச தூரத்தில் ஜ்வாலா மாயி. குனிந்து பார்த்தால் கம்பி வலைக்குப் பின்னால் கட்டைவிரல் அளவு நீலச் சுடர், தரைக்கடியிலிருந்து வரும் எரிவாயு, பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம். தண்ணீரிலேயே தீ எரிகிறது என்றுதான் இரண்டு மதத்தாரும் இங்கே ஏறி வந்திருக்கிறார்கள். எங்கள் அட்டவணையில் இது இல்லை. ஏன் என்று கேட்டால், "நம்ம சம்பிரதாயத்துல வராதே சார்". எட்டிப் பார்த்தவர்கள் நான்கு பேர்.

சாளக்கிராமம் வழியெல்லாம் தரையில் பரப்பி விற்கிறார்கள். உடைத்தால் உள்ளே சுருள் சக்கரம். அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவம் அது. இந்தியத் தட்டு வடக்கே போய் முட்டுவதற்கு முன் அங்கே இருந்த டெத்திஸ் கடலின் அடிச்சேறுதான் இன்றைக்கு இந்த மலை. பாற்கடலில் படுத்தவனுக்குக் கடல் உயிரியின் கல் என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அறிவியலே ஒத்துக்கொண்டது என்று கணக்கு வைத்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. விலை பேசுங்கள், முதலில் சொல்வதில் பாதிக்கு வருகிறார்கள்.

போகிறவர்களுக்கு: ஜோம்சோமில் இரண்டு இரவும் போக்ராவில் ஒரு உபரி நாளும் இல்லாத பேக்கேஜை எடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும், ஆதாரை நம்பிக் கிளம்ப வேண்டாம். அன்னபூர்ணா பகுதிக்கான அனுமதிச் சீட்டு நம்மைப் போன்ற சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், அது கட்டணத்தில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். நம் நூறு அங்கே நூற்றறுபது. மழைக்காலத்தில் அந்த ரோட்டில் மண்சரிவு, வேண்டவே வேண்டாம்.

திரும்பும்போது விமானம் சரியாக ஏழு மணிக்குக் கிளம்பியது. இரண்டு எட்டாயிரம் மீட்டர் மலைக்கு நடுவில், சிறகு பாறையைத் தொட்டுவிடும் போல. சித்தி கண்ணைத் திறக்கவே இல்லை.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அந்தப் பையன் வாட்ஸ்அப்பில், "அண்ணே, ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ ஒண்ணு போட்டு விடுங்க" என்று கும்பிடு பொம்மையோடு அனுப்பினான். போகும்போது பறக்காத விமானத்தின் காசு என்ன ஆச்சு என்று கேட்டேன். "அக்கவுண்ட்ஸ்ல பேசிட்டு சொல்றேன்ணே." ஐந்து வாரம் ஆகிறது. காசு வந்த அன்றைக்கு நாலாவது ஸ்டாரைப் போட்டுவிடுகிறேன்.